முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக இடுக

ஜனவரி 12

அன்புள்ள கடுகுக்கு,

இங்கே நான் சுகம், சளி மட்டும் வந்த விருந்தாளி மாதிரி போக மாட்டேன் என்கிறது. உன் முழங்கால் வலி குறைந்ததா? உன் அண்ணன் வேளைக்குச் சாப்பிடுகிறாரா?

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் செய்தால் உன் அண்ணன் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார், மாடி வீட்டுக்காரர்வரை கேட்கிறது. உன்னிடம் மட்டும் சொல்ல எனக்குச் சில விஷயங்கள் உண்டு. முதல் விஷயம்: நான் ரயில் ஏறிய அன்று, என் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, "பாரேன், மூணு மாசத்துல மூட்டையக் கட்டிக்கிட்டு வந்துடுவாங்க" என்று உன் அண்ணனிடம் சொன்னாயே, அது என் காதில் விழுந்தது. நாத்தனார் வாய் சும்மா இருக்காது என்று தெரியும். அதனால் கோபம் இல்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

ஆறு மாதம் பார்ப்பார்களாம், பிடித்திருந்தால் வேலையை நிரந்தரமாக்குவார்களாம். எங்கள் நிறுவனம் ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளைப் பதிவு செய்யும் கணினி நிரலைச் செய்கிறது. பல நாடுகளுக்குப் போகிறது. ஆங்கில எழுத்துக்கு இரண்டு உருவம் உண்டல்லவா, A என்றும் a என்றும்? பல இடங்களில் பெயர்களை முழுக்கச் சின்ன எழுத்தில் அடித்துத் தள்ளிவிடுகிறார்கள். பெயரின் முதல் எழுத்து பெரிய எழுத்தாக இருந்தால்தான் உள்ளே விட வேண்டும். அந்த வாசற்காவல் என் பொறுப்பு. பிறகு, வேறு மொழி எழுத்தில் அடித்த பெயரை ஆங்கில எழுத்துக்கு மாற்றி, ரத்தப் பரிசோதனைக் குழாயில் ஒட்டும் சீட்டுக்கு அனுப்ப வேண்டும். அதுவும் நான்தான். இத்தனை வருஷம் வீட்டில் இருந்தவளுக்கு மறந்திருக்கும் என்று நினைத்திருப்பார்கள். சொன்ன தேதிக்கு முன்பே முடித்துக் கொடுத்தேன். எங்கள் தலைவி எதற்கும் ஒரு சொல்லும் ஒரு புள்ளியும்தான் பதிலாக எழுதுவார். நான் அவருக்கு முற்றுப்புள்ளி அம்மா என்று பெயர் வைத்திருக்கிறேன். எனக்கு வந்த பதில்: "நன்று."

எல்லோருக்கும் என் விசாரிப்புகள்.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 2

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம், முழங்கால் நலமில்லை. அண்ணன் வேளைக்குச் சாப்பிடுகிறான், ஆனால் அவனே சமைத்ததைச் சாப்பிடுகிறான் என்பதால் அதை நலக்குறைவில்தான் சேர்க்க வேண்டும்.

மூன்று மாதம் என்று நான் சொன்னது உண்மை. பின்னால் போய்ப் பேசுகிறவள் இல்லை நான், சத்தமாகத்தான் சொன்னேன். உங்கள் காதில் விழுந்ததற்கு ரயிலைத்தான் குறை சொல்ல வேண்டும், சரியான நேரத்தில் ஊதியிருக்கலாம்.

எழுத்தில் பெரிது சின்னது பார்க்க ஒரு ஆளா, அதற்கு ஒரு சம்பளமா என்று கண்ணாடிக்காரர் கேட்டார். எங்கள் பதிவுக் கூடத்து மேற்பார்வையாளர்தான். "அந்த வேலையை எல்லாரும் செஞ்சிட முடியாது சார்" என்று சொல்லி வைத்தேன். வீட்டு ஆளை வெளியாள் குறை சொன்னால் எனக்குப் பிடிக்காது. எங்கள் ஆஸ்பத்திரிக்கும் புது நிரல் வரப் போகிறதாம். பழையது நோயாளியைவிட அதிகமாக இழுத்துக்கொண்டு கிடக்கிறது.

சளிக்கு வெந்நீர் குடியுங்கள்.

இப்படிக்கு,
கடுகு


பிப்ரவரி 20

அன்புள்ள கடுகுக்கு,

சளி போய்விட்டது. நீங்கள் எல்லோரும் சுகம்தானே?

என் நிரல் வெளியே போய்விட்டது. இந்நேரம் எந்தெந்த ஊரிலோ, என் முகம் தெரியாத யார் யாரோ அதைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். இங்கே என் அறை ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும், இருந்தாலும் அன்று ரொம்ப நேரம் அங்கேயே நின்றிருந்தேன். எங்கள் வீட்டில் பிறந்தது ஒன்று தனியாக நடந்து தெருவைத் தாண்டிப் போன மாதிரி இருந்தது. உன் அண்ணனிடம் சொன்னேன், "அப்படியா, சரி, உப்பு டப்பா எங்கே?" என்றார். நீயாவது பெருமைப்படு.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 11

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கடிதத்தைப் படிக்கத் தெம்பு வேண்டும். உங்கள் நாத்தனார் இப்போது பெரிய ஆள்.

திங்கட்கிழமை புது நிரல் வந்தது. முதல் நோயாளியின் பெயரைத் தமிழில் அடித்தேன். ஏற்க மாட்டேன் என்றது. இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள், யாரையும் ஏற்கவில்லை. எல்லாக் கவுண்டரிலும் இதே கதை. சிவப்பில் ஒரே வரி: "பெயரின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக இடுக." இடுகவாம்! தமிழில் பெரிய எழுத்துக்கு நான் எங்கே போவேன்? பக்கத்துக் கவுண்டர்காரர் எழுத்தின் அளவைப் பெரிதாக்கிப் பார்த்தார், திரை முழுக்க ஒரே எழுத்து வந்து நின்றது, அப்போதும் ஏற்கவில்லை. வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர், "என்னம்மா, என் பேர்ல என்ன குத்தம்?" என்று கேட்கிறார்.

கண்ணாடிக்காரர் நிறுவனத்துக்குப் புகார் எழுத உட்கார்ந்தார். "இருங்க சார்" என்றேன். பெரிய எழுத்துதானே வேண்டும்? ஆங்கில A ஒன்றை அடித்து, அதன் வாலில் தமிழ்ப் பெயரை ஒட்டினேன். பொசுக்கென்று உள்ளே போய்விட்டது! கூடமே கை தட்டியது. எல்லாக் கவுண்டருக்கும் நடந்து போய்ச் சொல்லிக் கொடுத்தேன். கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றி எனக்குக் கை கொடுத்தார். இனிமேல் புகார் எதற்கு என்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டார்.

இந்த நிரலை எழுதின மடையன் யாரோ, அவன் நன்றாக இருக்கட்டும். அவனால்தான் எனக்கு இந்த மரியாதை. நீங்கள் கம்ப்யூட்டர் படித்தவர், நீங்களே சொல்லுங்கள், என் மூளை எப்படி?

இப்படிக்கு,
கடுகு


ஏப்ரல் 14

அன்புள்ள கடுகுக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை கொஞ்சம் அதிகம். இங்கே வெயில் ஏறிவிட்டது.

உன் மூளை நல்ல மூளைதான்.

சும்மா ஒன்று கேட்கிறேன். எல்லாக் கவுண்டரிலும் Aவைப் பெயரோடு ஒட்டித்தான் போடுகிறார்களா? இடைவெளியோ புள்ளியோ விடுகிறவர்கள் யாராவது உண்டா? சும்மாதான்.

அன்புடன்,
அண்ணி


ஏப்ரல் 25

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

நாங்கள் நலம். உங்களுக்கு உடம்பு சரியில்லையா? பக்கம் பக்கமாக எழுதுகிறவர் வெயிலைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். வெயிலைப் பற்றி எனக்கு நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, அது இங்கேயும் அடிக்கிறது.

கேட்டதற்குப் பதில்: நான் ஒட்டிப் போடுவேன். மூன்றாம் கவுண்டர் இடைவெளி விடும். கடைசிக் கவுண்டரில் இருப்பவர் அழகுக்காகப் புள்ளி வைக்கிறார்.

இங்கே பரிசோதனைக் கூடத்துக்காரர்களுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. குழாய்களை முதல் எழுத்துப்படி பெட்டிகளில் அடுக்குவார்கள். இப்போது எல்லாமே A பெட்டியில் வந்து குவிகிறதாம், மற்ற பெட்டிகள் காலியாம், தேடி எடுக்க நேரமாகிறதாம். பெரிய பெட்டியாக வாங்குங்கள் என்றேன்.

மூன்று மாதம் தாண்டிவிட்டது, நீங்கள் வரவில்லை. தோற்றேன். எழுதிக் கொடுத்துவிட்டேன், வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கடுகு


மே 9

அண்ணிக்கு,

நலம் விசாரிப்பெல்லாம் பிறகு.

நேற்று ஒரு அம்மா, வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கக் காலையில் வந்தவர். அவர் குழாய் A பெட்டிக்குள் எங்கோ அடியில் போய்விட்டது. முடிவு வராமல் டாக்டர் பார்க்க மாட்டார், பார்க்காமல் சாப்பிடலாமா என்று யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் என் கவுண்டருக்கு எதிரிலேயே மயங்கி விழுந்தார். தண்ணீர் தெளித்து உட்கார வைத்தோம், பிழைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "நான் காலையிலேயே வந்துட்டேம்மா" என்று மட்டும் சொன்னார். பரிசோதனைக் கூடத்துக்காரர்களைத் திட்ட வாயைத் திறந்தேன். திட்ட வேண்டியது என்னைத்தான். அந்த Aவை அடித்தது நான்தான்.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்றேன். சுவரில் நீங்கள் ஒட்டி வைத்த சீட்டு இன்னும் இருக்கிறது: "கேஸை மூடுக." பாத்ரூமில், "குழாயை இறுக்கித் திருகுக." கதவுக்குப் பின்னால், "குடையை மறவாது எடுத்துச் செல்க." இந்த உலகத்தில் இப்படி எழுதுகிற ஆள் ஒரே ஒருவர்தான். ஜனவரியிலேயே வாசற்காவல் உங்கள் பொறுப்பு என்று எழுதியிருந்தீர்கள், கை தட்டல் சத்தத்தில் எனக்கு அது உறைக்கவே இல்லை. அப்போதுதான் உங்கள் வெயில் கடிதம் எனக்குப் புரிந்தது.

அந்த மடையன் நீங்கள். அவனுக்கு உதவியாக இருந்த மடச்சி நான்.

ஒன்று கேட்கிறேன், ஒளிக்காமல் சொல்லுங்கள். இங்கிருந்து புகார் போனால் உங்கள் வேலை நிரந்தரமாகாதா? கண்ணாடிக்காரர் இன்று காலை, எழுதிவிடலாமா என்று மறுபடி கேட்டார். "கொஞ்சம் பொறுங்க சார், நானே சரி பண்றேன்" என்று இழுத்தடித்திருக்கிறேன். நீங்கள் சொல்கிறவரை வாயை மூடிக்கொள்வேன். என் வாயை மூடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த அம்மா முகத்தையும் உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.

கடுகு


மே 17

அன்புள்ள கடுகுக்கு,

நான் நலமில்லை, ஆனால் நேற்றிலிருந்து பரவாயில்லை. அந்த அம்மா எப்படி இருக்கிறார்?

உன் மார்ச் கடிதத்தில் "இடுக" என்பதைப் படித்ததுமே அது என் வரி என்று தெரிந்துவிட்டது. தப்பு என்ன என்று பார்க்க ரொம்ப நேரம் ஆகவில்லை. என் நிரல் வாசலில் நின்று, "நீ பெரிய எழுத்தா?" என்று கேட்கிறது. நம் எழுத்து, "இல்லை" என்கிறது. உடனே கதவைச் சாத்திவிடுகிறது. "நீ சின்ன எழுத்தா?" என்று கேட்டிருந்தாலும் நம் எழுத்து, "இல்லை" என்றுதான் சொல்லியிருக்கும். நான் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான். சின்ன எழுத்தை மட்டும் நிறுத்திவிட்டு மற்ற எல்லோரையும் உள்ளே விட்டிருக்க வேண்டும். வாசலை ஆங்கிலப் பெயர்களால் சோதித்தேன், எழுத்து மாற்றத்தைத் தமிழ்ப் பெயர்களால் சோதித்தேன். நம் பெயர் ஒன்றை வாசலில் நிறுத்திப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. தமிழச்சி எழுதிய நிரல், தமிழையே வெளியே நிறுத்தியிருக்கிறது. இந்த வெட்கத்தை எங்கே போய்ச் சொல்ல?

திருத்தம் அன்றைக்கே என் கணினியில் தயார். வெளியே அனுப்ப வேண்டுமென்றால் தலைவியிடம் காரணம் சொல்ல வேண்டும். புகாரும் வரவில்லை. வேலையை நிரந்தரமாக்கும் தேதி நெருங்குகிறது. நீ சொன்ன மூன்று மாதம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. நாளை சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். உன் கடிதம் வந்ததும் போய்ச் சொல்லிவிட்டேன். "சரி." என்றார். பிறகு என் நிரந்தர ஆணையை நிறுத்தி வைத்தார். திருத்தம் அடுத்த நாளே போய்விட்டது. இனிமேல் தமிழ்ப் பெயர் தமிழ்ப் பெயராகவே உள்ளே போகும்.

மிச்சம் இருப்பது நீங்கள் ஏற்கெனவே போட்ட Aக்கள். தமிழ் எழுத்துக்கு முன்னால் நிற்கும் Aவையெல்லாம் எடுத்துவிடு என்று ஒரு வரி எழுதினால், ஒரு நொடியில் எல்லாம் போய்விடும். எழுதியும்விட்டேன். அனுப்பும்போது கை நின்றது. உண்மையாகவே A இனிஷியல் உள்ளவர்கள் இருப்பார்களே? அவர்களுடையதும் சேர்ந்து போய்விடும். எல்லோரும் ஒட்டியே போட்டிருந்தால் பிரித்துவிடலாம் என்றுதான் அன்று உன்னைக் கேட்டேன்; இடைவெளியும் புள்ளியும் கலந்திருப்பதால், எது நீ போட்டது, எது அவர்கள் அப்பா கொடுத்தது என்று நிரலுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

உன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். உதவி செய்.

அண்ணி


ஜூன் 20

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். அந்த அம்மாவும் நலம், போன வாரம் வந்தார், சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்.

உதவி என்று பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாம். போட்டவள் எடுக்கிறேன், அவ்வளவுதான். ஆவண அறையில் பழைய பதிவுச் சீட்டுகள் இருந்தன. நானும் கவுண்டர்காரர்களும் ஆளுக்கொரு கட்டாக எடுத்து வைத்துக்கொண்டு, கூட்டம் குறைந்த நேரமெல்லாம் ஒவ்வொன்றாகச் சரி பார்த்தோம். சீட்டு இல்லாதவர்களை வரும்போதே கேட்டோம்: "உங்க இனிஷியல் என்ன?"

ஐயோ அண்ணி, அந்தக் கேள்விக்கு இத்தனை பதிலா! ஒரு லாரி டிரைவர் சண்டைக்கே வந்துவிட்டார். "எங்கப்பாவுக்கு 'ம'. நீங்க Aன்னு போட்டிருக்கீங்க. நான் யாரு புள்ளைன்னு நீங்க முடிவு பண்ணுவீங்களா?" அவருக்குப் பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்து, "எனக்கும் Aதான் போட்டிருக்கு. வாங்க தம்பி, ஊருக்கே ஒரே அப்பா" என்றார். வரிசையே சிரித்தது, டிரைவரும் சிரித்துவிட்டார். இன்னொரு பெரியவருக்கு நிஜமாகவே A. எடுத்துவிடாதே என்று கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான் சரி பார்த்து முடிக்கிறவரை நகரவில்லை.

எல்லாம் முடிந்தது. அப்பா கொடுத்ததெல்லாம் அவரவரிடம் இருக்கிறது, நான் கொடுத்ததெல்லாம் போய்விட்டது. A பெட்டி மெலிந்துவிட்டது.

உங்கள் முற்றுப்புள்ளி அம்மா நேரில் வந்திருந்தார். கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். நல்ல மனுஷி. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
கடுகு


ஜூலை 8

அன்புள்ள கடுகுக்கு,

நலம், ரொம்ப நலம். வேலை நிரந்தரமாகிவிட்டது, ஆணை நேற்று கையில் வந்தது. உன் அண்ணனுக்குச் சொல்வதற்கு முன் உனக்கு எழுதுகிறேன்.

வேறு விசேஷம் இல்லை என்று எழுதியிருந்தாயே, எவ்வளவு பெரிய பொய்! தலைவி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஒரு சொல்லுக்கு மேல் பேசாதவர் அன்றைக்கு நிறையப் பேசினார். அவர் அங்கே வந்து, நடந்தது என்ன என்று கேட்டபோது, உங்கள் கண்ணாடிக்காரர், "எவனோ ஒரு அரைகுறை எழுதினதுங்க" என்று ஆரம்பித்தாராம். நீ எழுந்து, கூட்டம் முழுக்கப் பார்க்க, "அரைகுறை இல்ல சார், எங்க அண்ணி. எழுதினதும் அவங்கதான், தப்புன்னு தானே போய்ச் சொன்னதும் அவங்கதான். அந்தத் தப்பு வெளிய தெரியாம மூடி வச்சது நான். அவங்க வேலையை எடுக்கிறதா இருந்தா, முதல்ல என்னுதை எடுங்க" என்று கழுத்திலிருந்த ஆஸ்பத்திரி அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாயாமே.

தலைவி உங்கள் கண்ணாடிக்காரரிடம் பேசிவிட்டுத்தான் கிளம்பினாராம், உனக்கு ஒன்றும் வராது. ஆனால் அந்த நிமிஷத்தில் அது உனக்குத் தெரியாதே, கடுகு. இருபது வருஷ வேலை. நான் இந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எனக்கு ஒரு தங்கை இல்லை என்று குறைப்பட்டதுண்டு. இனி அந்தக் குறை இல்லை. உன்னை நினைத்தால் எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கிறது.

உன் முழங்காலைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் அண்ணி


ஜூலை 19

அண்ணிக்கு,

நலம். முழங்காலும் நலம்.

அட்டையைக் கழற்றினது பற்றி உங்கள் தலைவிக்கு ஒன்றும் தெரியாது. கயிறு புதுசு, கழுத்தை அறுத்தது, கழற்றி வைத்தேன். அந்த நேரம் பார்த்து மேஜை அங்கே இருந்தது. இதற்குப் போய் அழுதால் கண்தான் கெடும், நீங்கள் கணினி பார்க்கிற ஆள். அண்ணனிடம் எதையும் சொல்லாதீர்கள், அவன் ஸ்பீக்கரில் போட்டுவிடுவான்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். உங்கள் தலைவி போனபிறகு வரிசையிலிருந்த ஒரு பெண், "நெசமாவே உங்க அண்ணியா இதையெல்லாம் எழுதறாங்க?" என்று கேட்டாள். கவுண்டர் கண்ணாடிக்குள்ளிருந்து பேசினால் வெளியே சரியாகக் கேட்காது. அதனால் எழுந்து, கதவைத் திறந்து, கூடத்துக்கு வந்து நின்றுகொண்டு ஆமாம் என்றேன்.

கடுகு